பத்தாம்பக்கம்

பணிமனையில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதினைந்து வருடம் இருக்கும். எல்லாருக்கும் அவன் பத்தாம்பக்கம்தான். துப்பறியும் நாவல் எதைக் கொடுத்தாலும் பத்தாம் பக்கம் தாண்டுவதற்குள் கொலைகாரன் யாரென்று கண்டுபிடித்துவிடுவான். கண்டுபிடித்துவிட்டுச் சும்மா இருந்தாலாவது பரவாயில்லை, அதுதான் கிடையாது. அவன் ஓட்டும் பஸ்ஸில் கூட வரும் கண்டக்டர் ஆசை ஆசையாய் ஒரு புத்தகம் வாங்கி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்து உட்கார்ந்தால், பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "கணக்குப்பிள்ளைதான், வேற யாரு?" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விடுவான். கண்டக்டர் ஒருமுறை புத்தகத்தைத் தூக்கி அவன் மேலேயே எறிந்திருக்கிறார்.

வேறு வகைப் புத்தகம் எதையும் அவன் தொட்டதில்லை. "மத்ததெல்லாம் வளவளன்னு போகும்" என்பான். ஒரே அச்சில் வார்த்த முந்நூறு புத்தகத்தைப் படித்தவனுக்கு முந்நூற்றொன்றாவது தெரியாமலா போகும்? இதில் என்னப்பா பெரிய சாமர்த்தியம் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. வீட்டிலும் அதே கதை. மனைவி வாயைத் திறப்பதற்கு முன்பே, "நீ என்ன சொல்லப்போறேன்னு எனக்குத் தெரியும்" என்பான். கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். நாளடைவில் அவளும் பாதி விஷயத்தைச் சொல்வதை விட்டுவிட்டாள்.

அப்பேர்ப்பட்டவனுக்குக் கண்ணில் வந்தது வினை. ஒரு காலை, வண்டி நிறைய ஆட்களோடு போய்க்கொண்டிருந்தபோது, இடது கண்ணின் ஓரத்தில் கறுப்பாக ஏதோ இறங்கியது. கண்ணைக் கசக்கினான். போகவில்லை. இன்னும் இறங்கியது. வண்டியை ஓரம்கட்டி, சாவியைப் பிடுங்கிக் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டான். விழித்திரை கிழிந்து விலகியிருக்கிறது என்றார் கண் டாக்டர். அன்றைக்கே அறுவை சிகிச்சை செய்து, உள்ளே ஒரு வாயுக் குமிழியை வைத்தார்கள்.

"அந்தக் குமிழிதான் திரையை அழுத்திப் பிடிச்சு ஒட்ட வைக்கும். அதுக்கு நீங்க குப்புற இருக்கணும். பத்து நாள்" என்றார் டாக்டர். "சாப்பிடுறது, தூங்குறது எல்லாம் குனிஞ்ச தலையோடதான்."

"நிமிர்ந்தா?"

"கண் போயிடும். பெரிய வண்டி ஓட்டுற லைசென்ஸும் கூடவே போயிடும்."

ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் பிடித்துப் பழகாத கை அவனுடையது. கதிகலங்கிப் போனான்.

வீட்டில் இரண்டு பெஞ்சை நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டுப் போட்டு, மெத்தை விரித்து, முகம் மட்டும் அந்த இடைவெளியில் இருக்கும்படி அவனைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். நல்ல கண்ணுக்குத் தெரிந்தது நான்கு தரை ஓடு. அப்புறம், எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனைவியின் இரண்டு பாதம். அவ்வளவுதான் இனி உலகம். பல் மருத்துவமனை ஒன்றில் முன்மேசையில் இருப்பவள் அவள். பத்து நாள் லீவு போட்டுவிட்டு, அலமாரியிலிருந்த அவனுடைய புத்தகங்களைக் கட்டாக எடுத்து வைத்துக்கொண்டு, வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினாள்.

முதல் புத்தகம், ஒன்பதாம் பக்கம். "சமையல்காரன்" என்றான் அவன். கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். சமையல்காரன்தான். இரண்டாவது, ஏழாம் பக்கம். "தம்பி பொண்டாட்டி." அதுவும் சரி. சாயங்காலத்துக்குள் ஐந்து கொலைகாரர்களைப் பிடித்துவிட்டான். பிடித்து என்ன பிரயோஜனம்? தெரிந்த பிறகு கேட்க என்ன இருக்கிறது? கழுத்து வலித்தது, முதுகு அரித்தது, பொழுது நகரவில்லை. தண்ணீர் வேண்டும் என்று நிமிர்ந்தான். ஜன்னலுக்கு வெளியே என்ன சத்தம் என்று நிமிர்ந்தான். அவள் தலையைப் பிடித்து அழுத்த அழுத்த, மறுநாளும் மூன்று தடவை நிமிர்ந்தான்.

மூன்றாம் நாள் சோதித்துப் பார்த்த டாக்டரின் குரல் மாறிவிட்டது. "ஓரத்துல ஒட்டலை. இன்னொரு தடவை நிமிர்ந்தா என்கிட்ட வராதீங்க. வந்தும் பிரயோஜனமில்ல."

வீட்டுக்கு வந்ததும் அவள் துப்பறியும் கட்டை அப்படியே தூக்கிப் பரணில் போட்டாள். தன் கைப்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"என்ன புத்தகம்?"

"ஆத்தைப் பத்தினது."

"ஆறா? ஆத்துல யாரைக் கொன்னுட்டாங்க?"

"யாரையும் கொல்லலை. ஒரு ஊர்ல இருந்த ஆறு காணாமப் போச்சு."

"ஆறு எப்படிடி காணாமப் போகும்?"

"தலையை அசைக்காம கேளுங்க."

கரையோரம் படித்துறை கட்டியிருந்த ஊர். படித்துறை இன்றைக்கும் இருக்கிறது, ஆறு மூன்று மைல் தள்ளி ஓடுகிறது. அவனுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. பத்தாம் பக்கத்தில், "மேல அணை கட்டினான் பாரு, அந்த கான்ட்ராக்டர். அவன்தான் திருப்பிவிட்டிருக்கான்" என்றான். அவள் படித்துக்கொண்டே போனாள். நாற்பதாம் பக்கத்தில் கான்ட்ராக்டர் பிறப்பதற்கு முன்பே ஆறு போய்விட்டது என்று தெரிந்தது. "அப்ப மில் முதலாளி" என்றான். மில்லே கிடையாது. கடைசியில் பார்த்தால், அந்த ஆறே வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக வண்டல் கொண்டுவந்து கொட்டி, தன் படுகையைத் தானே மேடாக்கி, ஒருநாள் இருக்க இடமில்லாமல் வேறு பக்கம் போயிருக்கிறது. ஊர்க்காரர்கள் தினமும் அதில்தான் குளித்தார்கள். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

"இதெல்லாம் போங்காட்டம்" என்றான் அவன். ஆனால் அன்று முழுக்கத் தலை நிமிரவில்லை. அது அவனுக்கே ராத்திரி சாப்பாட்டின்போதுதான் உறைத்தது.

அடுத்த நாள் ஒரு நாடகம். அண்ணன் தம்பி இருவர் ஒரு வீட்டைப் பாகம் பிரிக்கிறார்கள். அண்ணன் தம்பியைத் தீர்த்துக்கட்டப் போகிறான் என்று ஆரம்பத்திலேயே அடித்துச் சொல்லிவிட்டு, கத்தி எப்போது வரும் என்று கடைசி வரை காத்திருந்தான். வரவேயில்லை. கதவு யாருக்கு என்ற பேச்சு வந்தது. இருவரும் சேர்ந்து கதவைக் கழற்றி முற்றத்தில் சாய்த்து வைத்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள். நாடகம் முடிந்துவிட்டது.

"யாரும் சாகலையா?"

"இல்ல."

"அப்ப நான் ஏன் இன்னும் அந்தக் கதவையே நினைச்சுக்கிட்டிருக்கேன்?"

அவள் சிரித்தாள். அவள் சிரிப்பது அவனுக்குப் பாதத்தில் தெரிந்தது. கட்டைவிரல் இரண்டும் லேசாகத் தூக்கிக்கொண்டன.

"இந்த மாதிரியெல்லாம் எங்கேருந்துடி பொறுக்குற?" என்று கேட்டான். பதினெட்டு வருடத்தில் இதைக் கேட்டதில்லை. அவள் கையில் புத்தகம் இருக்கும், அது அவனுக்குத் தெரியும். என்ன புத்தகம் என்று தெரியாது.

"நான் பொறுக்குறதே இல்லைங்க" என்றாள். "நூலகத்துல இருபத்தாறு அடுக்கு இருக்கு. மத்தியானம் சாப்பிட்டதும் நேரா அங்க போவேன். வாரத்துக்கு ஒரு அடுக்கு, அதுலேருந்து ஒரு புத்தகம், கைக்கு வர்றது. கடைசி அடுக்கு முடிஞ்சா மறுபடி முதல் அடுக்கு. பதினோரு வருஷமா இப்படித்தான். இந்த வாரம் லீவுன்னு மூணு அடுக்குக்கும் சேர்த்துக் கொண்டுவந்துட்டேன்."

"பிடிச்சதை எடுக்க வேண்டியதுதானே?"

"எனக்கு எது பிடிக்கும்னு எனக்கே தெரியாதே. ஒவ்வொண்ணையும் தொட்டுப் பார்த்தாத்தானே தெரியும்? ஒண்ணு தெரியுமா, கல்லைப் பத்தின புத்தகம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். வெறும் பாறை. நான் கனவுலயும் நினைக்கலை."

கல். இவளுக்குக் கல் பிடிக்கும். அவன் நான்கு தரை ஓட்டையும் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

எட்டாம் நாள் மெல்லிசாக ஒரு கவிதைப் புத்தகம். பக்கத்துக்கு ஒரு கவிதை, எட்டு வரி, பத்து வரி. பத்தாம் பக்கம் வந்தாலும் அங்கே பிடிக்க ஒருத்தனும் இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது அவனுக்கு. அரைத் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு கவிதையில் ஒரு பெண் சொட்டச் சொட்ட நனைந்து வீட்டுக்குள் வருகிறாள். குடையை மூலையில் வைக்கிறாள். வீட்டில் ஆள் இருக்கிறது. வெளியே மழையா என்று யாரும் கேட்கவில்லை. கவிதை அவ்வளவுதான்.

படித்து முடித்தவள் அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை. இடது பாதத்தின் விரல்கள் ஐந்தும் தரையை இறுகப் பற்றிக்கொண்டன.

என்ன இருந்தாலும் அவன் துப்பறிகிறவன். அந்தப் பாதத்தை உற்றுப் பார்த்தான். கட்டைவிரலுக்குக் கீழே தொடங்கி மேலே போகும் ஒரு தழும்பு, விரல் நீளம். எட்டு நாளாக எதிரிலேயே இருக்கிறது. சின்ன வயசில் விழுந்திருப்பாள் என்று முதல் நாளே தீர்ப்பெழுதி மூடிவிட்டிருந்தான்.

"அது என்ன தழும்பு?"

"நீங்கதான் எல்லாம் கண்டுபிடிப்பீங்களே."

"சின்ன வயசுல விழுந்தது."

"இல்ல."

"கொதிக்கிற எண்ணெய்."

"இல்ல."

"எங்க அம்மா வீட்டுக் கேட் இடிச்சிருக்கும்."

"இல்ல. கேஸை விட்டுடுங்க, உங்களால முடியாது."

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் குரல் வேறு மாதிரி இருந்தது. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு அவளே சொன்னாள். "நாலு வருஷத்துக்கு முன்னாடி. நூலகத்துல மேல் தட்டுக்கு ஏணி போட்டு ஏறினேன், வழுக்கிடுச்சு. ஏணியோட தகடு கிழிச்சிருச்சு. தையல் போட்டாங்க. கட்டோட நொண்டிக்கிட்டே வீட்டுக்கு வந்து உங்ககிட்ட சொன்னேன்."

"என்கிட்டயா? எப்ப?"

"நீங்க படிச்சிட்டு இருந்தீங்க. 'தெரியும் தெரியும், ஆட்டோக்காரன்தான்'னீங்க. எனக்குச் சொன்னீங்களா புத்தகத்துக்குச் சொன்னீங்களான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை."

அவனுக்கு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், இப்போதே பார்க்க வேண்டும் என்று துடித்தது. கழுத்து ஒரு அங்குலம் எழும்பிவிட்டது. அஞ்சு நாளாகத் தண்ணீருக்கும் சத்தத்துக்கும் எழும்பாத கழுத்து. அவள் கை பாய்ந்து வந்து பிடரியைப் பிடித்தது.

"பார்க்க நாள் இருக்கு. இப்பப் படுங்க."

படுத்தான். மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரை ஓட்டில் விழுந்தது. வெட்கமாக இருந்தது, நிறுத்த முடியவில்லை.

"எத்தனை தையல்?"

"அதையாவது நீங்களே எண்ணிக்கோங்க."

எண்ணப் பார்த்தான். அந்தத் தூரத்துக்கு வெறும் கோடாகத்தான் தெரிந்தது.

"அந்த மழைக் கவிதையை இன்னொரு தடவை படி" என்றான். அவள் படித்தாள். முடிந்ததும், "வெளிய மழையா?" என்று கேட்டான். இடது பாதம் மெல்லத் தளர்ந்தது.

பத்து நாள் முடிந்தது. குமிழி கரைய இன்னும் சில வாரம் பிடித்தது. இரண்டு மாதம் கழித்து லைசென்ஸுக்கான கண் சோதனை. சுவரில் மாட்டிய எழுத்து அட்டையில் ஆறாவது வரி வரை படித்தால் வண்டி, இல்லாவிட்டால் இல்லை. அந்த அட்டையை இருபது வருடமாக வருடத்துக்கு ஒருமுறை பார்த்தவன் அவன். பணிமனையில் எந்த டிரைவரைத் தட்டி எழுப்பிக் கேட்டாலும் ஆறாவது வரியை ஒப்பிப்பான். கண்டக்டர் வாசல் வரை வந்து, "கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடுவ நீ, போய்ட்டு வா" என்று முதுகில் தட்டினார்.

நல்ல கண்ணை மூடிக்கொண்டான். ஐந்து வரி தெளிவாக வந்தது. ஆறாவது வரி, ஈரத்தில் ஊறிய மாதிரி கலங்கிக் கிடந்தது. எழுத்துகள் நாக்கு நுனியில் நின்றன. வரிசை மாறாமல், வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு நின்றன. சொன்னால் நாளைக்கே ஸ்டியரிங். படிக்கட்டு வரை நிற்கும் கூட்டம், குறுக்கே ஓடும் சைக்கிள், கலங்கிய ஒரு கண். முந்நூறு புத்தகத்திலும் பார்க்காமல் சொல்லியே பேர் வாங்கியவன்.

"சொல்லுங்க. ஆறாவது?"

"தெரியலை" என்றான்.

வாழ்க்கையில் அந்த வார்த்தையை அவன் எத்தனை முறை சொல்லியிருப்பான் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நிஜமா தெரியலையா?"

"தெரியலை, டாக்டர். கலங்குது."

"மூணு மாசம் கழிச்சு வாங்க. தெளியலாம், தெளியாமலும் போகலாம். என்னால இப்பச் சொல்ல முடியாது."

வெளியே மனைவி காத்திருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். ஆனாலும் கேட்டாள், அவனும் சொன்னான். "இனிமே என்ன செய்றது?" என்றதற்கும், "அதுவும் தெரியலை" என்றான். பயமாகத்தான் இருந்தது. அதையும் சொன்னான்.

மறுநாள் மத்தியானம் வேலை இல்லாத மனிதனாக அவளோடு நூலகத்துக்குப் போனான். அன்றைக்குப் பதினெட்டாவது அடுக்கு. மேல் தட்டுதான் வேண்டும் என்று ஏணியைச் சாய்த்தாள். அவன் ஓடிப்போய் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நான்கு படி ஏறினாள். இடது பாதம் அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

நல்ல கண்ணை மூடிக்கொண்டான். பழுதான கண்ணை மட்டும் வைத்துப் பார்த்தான். தழும்பின் இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் புள்ளி, ஊசி போன இடம். கிட்டத்தில் தெரிந்தது. நிதானமாக எண்ணினான்.

"அஞ்சு" என்றான்.

"என்னது அஞ்சு?" மேலிருந்து கேட்டாள்.

"தையல். அஞ்சு."

மேலே புத்தகங்களைத் தள்ளிப் பார்க்கும் சத்தம் நின்றது. பிறகு கட்டைவிரல் லேசாகத் தூக்கிக்கொண்டது.

"ஆறு" என்றாள். "ஒண்ணு விரல் இடுக்குல இருக்கு. உங்களுக்குத் தெரியாது."

அவன் வாதாடவில்லை. ஏணியை விடாமல், தலையை மட்டும் அந்தப் பக்கமாகச் சாய்த்து, இன்னும் கிட்டே போய்ப் பார்த்தான்.