பின்கதவு திறக்குமா?

எங்கள் தையல் கூடத்துக்கு இரண்டு வாசல்கள். முன்வாசலுக்குப் போக இஸ்திரி மேசைகளைத் தாண்ட வேண்டும். பின்கதவை யாரும் திறந்து நான் பார்த்ததில்லை. நேற்று மதியம் இஸ்திரி மேசைப் பக்கம் வயர் கருகும் நாற்றம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது அடங்கிவிட்டது, எனக்குத்தான் மனசு அடங்கவில்லை. பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கும் என் நாத்தனார் நிறைமாதக்காரி.

இன்று காலை சூப்பர்வைசரிடம் கேட்டேவிட்டேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கடுகு. சூடு பட்டால் போதும், வெடிப்பார்.

"சார், பின்கதவு திறக்குமா?"

"நாளைக்கு வேலைக்கு வர்ற எண்ணம் இருக்கா, இல்லையா?"

நான் கேட்டது கதவைப் பற்றி. அவர் சொன்னது என் வேலையைப் பற்றி. மடியில் கனமில்லாத மனுஷன் 'திறக்கும்' என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். எனக்குச் சந்தேகம் தட்டியது.

நாத்தனார் என் கையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க அண்ணி. இவ்வளவு அடிச்சுப் பேசறாருன்னா திறக்கும்னுதானே அர்த்தம்?"

"அவர் கத்தினா தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்ட மாதிரி ஆயிடுமா?"

அதற்காகத் திறக்காது என்றும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. அவர் மிரட்டலில் அவருடைய கோபம் இருந்தது, என் பிழைப்பு இருந்தது, கதவு மட்டும் இல்லை. அதுதான் என்னைக் குடைந்தது.

"ஒரே ஒரு தடவை திறந்து காட்டுங்க சார். திறந்துட்டா என்னை இப்பவே வேணும்னாலும் அனுப்பிடுங்க."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அத்தனை கண்கள் பார்க்கும்போது அவரால் பின்வாங்க முடியவில்லை.

"எல்லாரும் நல்லா பாத்துக்குங்க. திறந்ததும் இந்தம்மா கிளம்ப வேண்டியதுதான்!"

விறுவிறுவென்று போய்த் தாழ்ப்பாளை நீக்கித் தள்ளினார். கதவு அசையவில்லை. தோளைக் கொடுத்து முட்டினார். அப்போதும் அசையவில்லை. முகம் சிவந்து ஓங்கி ஒரு உதை விட்டார்.

"மரியாதையா திறந்துடு! இல்லேன்னா உடைச்சு அடுப்புல போட்டுருவேன்!"

கதவுக்கு என்ன, வேலை போய்விடும் என்ற பயமா? அது அப்படியே நின்றது.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. திரும்பி நாத்தனாரைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு இஸ்திரி மேசைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, வாங்க, வெளியே போயிடலாம்" என்று எழுந்தாள்.

நாங்கள் முன்வாசலை நோக்கி நடந்தோம். எங்களுக்குப் பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் வரிசையாகக் கேட்டது. கடுகு இன்னும் கதவைத்தான் மிரட்டிக்கொண்டிருந்தார்.