காய் மேலே, இலை கீழே

திண்டிவனம் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பறிக்கும் கூலியாட்கள் ஒரே நாளில் சங்கம் சேர்ந்துவிட்டார்கள். கொடிக்குத்தான் மூன்று மாதம் ஆனது. எந்த இரண்டு நிறத்தைச் சேர்த்து வைத்தாலும் அது ஏற்கெனவே ஏதோ ஒரு கட்சிக்குச் சொந்தம். கடைசியில் செம்மண் நிறம் மட்டும் கேட்பாரில்லாமல் கிடந்தது. அதில் மாதா கோயில் தெரு சிலுவை கேட்டது, மாரியம்மன் கோயில் தெரு சூலம் கேட்டது. செயலாளர் சக்கரபாணி இரண்டையும் தள்ளிவிட்டு, வேரும் காயுமாக ஒரு மல்லாட்டைச் செடியை வரைந்து நீட்டினார். இரண்டு தெருவும் அதற்குச் சம்மதித்தன.

தைக்கிற வேலை விழுப்புரத்துக் கடைக்குப் போக இருந்தது. ஜெசிந்தா விடுவாளா? பத்து வருஷம் மல்லாட்டை பறித்தவள், இப்போதுதான் வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்தாள். ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிறவளுக்குக் கொடி எதற்கு என்று கமிட்டி சிரித்தது. தப்பு வந்தால் அப்புறம் ஊரில் ஒருத்தரும் தன்னிடம் துணி தர வேண்டாம் என்று சபையில் சொல்லித்தான் வாங்கி வந்தாள்.

பச்சைத் துணியில் இலை, சந்தன நிறத்தில் காய். வெட்டி வைத்துத் தைத்து, மேல்முனைக்கு வளையமும் கீழ்முனைக்குக் கயிறும் போட்டு, உள்ளே பூ வைத்து மடித்துக் கொடுத்தாள். யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து பெருமுக்கல் கூட்டுரோட்டில் கூட்டம். சக்கரபாணி கயிற்றை இழுத்தார், பூ கொட்டியது, கொடி விரிந்தது. செடி தலைகீழாக நின்றது. வேரும் காயும் வானத்தைப் பார்க்க, இலை தரையைப் பார்த்தது.

எப்படி நடந்ததென்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, காய் மேலே வெயிலில் காய்கிற மாதிரி கவிழ்த்துப் போட்டுப் போட்டுப் பழகிய கை; துணியையும் அப்படியே போட்டுத் தைத்திருக்கிறது. பாழாய்ப்போன கை!

கொடியை இறக்கச் சொல்லி சக்கரபாணி ரகசியமாகச் சொன்னார். மைக் அதை ஊருக்கே சொன்னது. அப்போது முன்வரிசையில் இருந்து, பறிப்பில் மூத்தவளான வீரம்மாள் எழுந்து வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்குய்யா எறக்கற? நட்டுக்கினு நிக்கிற செடி நெலத்துக்காரருது. புடுங்கிக் கவுத்துப் போட்டாத்தான் அது நம்ம வேல."

பெண்கள் பக்கம் தொடங்கிய கைத்தட்டல் ரோட்டைத் தாண்டிப் போனது. ஜெசிந்தா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

சக்கரபாணி தொண்டையைச் செருமினார். ஆழ்ந்து யோசித்துத்தான் கொடியை இப்படி வடிவமைத்ததாக அரைமணி நேரம் பேசினார்.

மறுநாள் அவரே வந்து இருபது கொடிக்குத் துணி கொடுத்தார். ஜெசிந்தா முதல் துணியை விரித்தாள். தப்பித் தவறி இந்தக் கை திருந்திவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், காய் வரும் பக்கம் சாக்பீஸால் 'மேல்' என்று எழுதி வைத்தாள்.