சிவக்கொழுந்தின் ஆங்கிலப் பக்கம்

நீர்வேலியில் யார் கண்ணை மூடினாலும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் கொடுக்கிற நினைவு மலரின் ஆங்கிலப் பக்கம் ஜெயரூபன் வாத்தியாரின் தலையில்தான் விழும். வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராதே. எழுதியது என்னவோ ஒரே பக்கம்தான். பேரை மட்டும் மாற்றினால் ஊரில் செத்தவர்கள் எல்லாருக்கும் அது பொருந்தியது.

அந்தப் பக்கத்தின் உயிர் 'புட் அப் வித்'. 'புட்' என்றால் வை. அதோடு 'அப்' சேர்ந்து, பின்னால் 'வித்'தும் ஒட்டிக்கொண்டால் பொறுத்துப்போ என்றாகிவிடும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுப்பார். செத்தவர் எல்லாவற்றையும் பொறுத்துப்போனார் என்று எழுதினால் எந்தக் குடும்பம் கோபிக்கப் போகிறது?

இந்த முறை செத்தது அவருடைய அக்கா சிவக்கொழுந்து.

அக்காவாவது பொறுப்பதாவது. தாயில்லாத தம்பியை வளர்த்துப் படிப்பிக்க வாழைத்தோட்டத்தில் இறங்கியவள். குலைகளைச் சைக்கிளில் கட்டி யாழ்ப்பாணச் சந்தைக்குக் கொண்டுபோய், விலையை அமுக்க வந்த வியாபாரியை நாலு பேர் பார்க்க வாங்கு வாங்கென்று வாங்கியவள். குடித்துவிட்டுக் கை நீட்டிய புருசனை வெளியே விட்டுப் படலையைப் பூட்டியவள். "ஏன்ரா பொறுக்கோணும்? நான் என்ன மாடோ?" என்பாள்.

கனடாவில் பிறந்த பேத்தி ஆரபிக்கு இது ஒன்றும் தெரியாது. அவள் அறிந்ததெல்லாம் போனில் "சாப்பிட்டனியோ" என்று கேட்கிற ஒரு குரல்தான். இந்தப் பக்கத்திலாவது அவளுக்கு அம்மம்மாவைக் காட்டிவிட வேண்டும் என்று ஜெயரூபன் தவியாய்த் தவித்தார். ஆனால் ஒரு வரி எழுதுவதற்குள் கண்ணீர் மறைத்தது. அச்சகத்து மயூரதன் போன் எடுத்த போதெல்லாம் "பொறு தம்பி, தாறன்" என்றார்.

அந்தியேட்டியன்று காலை மயூரதனே மானிப்பாயிலிருந்து அச்சடித்த மலர்க்கட்டுகளோடு வந்து இறங்கினான்.

"சேர் இருக்கிற நிலையில கரைச்சல் குடுக்கக் கூடாதெண்டு, உங்கடை பழைய பக்கத்திலை அக்கான்ரை பேரைப் போட்டு அடிச்சிட்டன். வழமையா அப்பிடித்தானே செய்யிறனாங்கள்."

நல்ல மனதோடு செய்தவனை என்ன சொல்லித் திட்டுவது?

கீரிமலையில் கிரியை முடிந்து வந்தபோது வீடு நிறையச் சனம். அக்காவின் மகள் கஜந்தினி, தன் பிள்ளை ஆரபியை எழுப்பி நிறுத்தி ஆங்கிலப் பக்கத்தை வாசிக்கச் சொன்னாள். "ஷீ புட் அப் வித் எவ்ரிதிங்" என்று பிள்ளை கணீரென்று வாசித்தாள். சனம் தலையாட்டியது. பந்தி முடிந்ததும் அவள் வந்து ஜெயரூபனுக்குப் பக்கத்தில் இருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அம்மம்மா பாவம், என்ன தாத்தா? எல்லாத்தையும் பொறுத்தவவாம்."

"இல்லைப் பிள்ளை. அது பிழை. அவ ஒண்டையும் பொறுக்கேல்லை. சந்தையிலயும் வீட்டிலயும் எல்லாரோடையும் சண்டை பிடிச்சவ."

பிள்ளை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"தனியவோ? அப்ப நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?"

வேண்டுமென்று கேட்கவில்லை அவள். தெரியாமல்தான் கேட்டாள். ஜெயரூபன் கையிலிருந்த மலரைக் கவிழ்த்து மடியில் வைத்தார்.

"நான் இங்கிலீசு படிச்சுக்கொண்டிருந்தனான், பிள்ளை" என்றார்.