படத்தில் இருந்தபடியே

வெறும் சுவரை வரையச் சொன்னால் ஸுமைராவுக்குக் கை ஓடாது. சுவர் என்றால் பக்கத்தில் ஒரு மரம் வேண்டும், மரம் என்றால் அதன் நிழல் சுவரில் விழ வேண்டும், நிழல் விழுந்துவிட்டால் கூரையில் இரண்டு மைனாவாவது வந்து உட்கார வேண்டும். கண்டியில், கட்டடக் கலைஞர் விவேகானந்தனின் அலுவலகத்தில் அவளுக்கு வேலையே வீட்டு முகப்பை நீர்வண்ணத்தில் வரைவதுதான். கோடு போட்ட வரைபடம், அதாவது பிளேன், பிரதேச சபையின் அனுமதிக்கு. வண்ணப் படம் வீட்டுக்காரரின் ஆசைக்கு. அந்த ஆசைப் படங்களில்தான் அவள் தன்னுடைய காட்டை வளர்த்துவந்தாள்.

போன மாதம் குண்டசாலையிலிருந்து ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். அவர் கேட்டது வீடாம், தோட்டம் இல்லையாம். சொன்னதில் நியாயம் இருந்தது. அவருடைய வாசற்கதவு முழுசாக வாழையிலைக்குப் பின்னால் போயிருந்தது. அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு விவேகானந்தன் ஸுமைராவின் மேசைக்கு வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், பேச்சையும் அளவுகோல் வைத்து அளந்துதான் பேசுவார். கையிலிருந்த தேநீர்க் கோப்பையை வழக்கம்போல அவள் வரைந்துகொண்டிருந்த தாளின் மேலேயே வைத்தார்.

"பிள்ளை, இன்னொரு முறைப்பாடு வந்துதெண்டால் தூரிகையைக் கழுவி வையும். பிறகு உமக்குக் கொம்பியூட்டரிலை கோடு மட்டும்தான்."

"சரி சேர்."

அவர் போனபிறகு ஈரத்துணியால் தாளை ஒற்றி எடுத்தாள். அந்த மனிதருக்கு உலகத்தில் கோப்பை வைக்க வேறு இடமே கிடையாது. கோபம் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது, பயம்தான் போகவில்லை. தூரிகை இல்லாத ஒரு நாளை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

சரியாக ஒன்பதாம் நாள் அலவத்துகொடயிலிருந்து கைரியா என்ற பெண் அலுவலகத்துக்குப் போன் எடுத்தாள். இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கும் டோஹாவில் வேலை செய்யும் கணவர் ரஸீனுக்கும் இவர்கள்தான் பிளேன் போட்டு, ஸுமைரா வரைந்த வண்ணப் படத்தோடு கொடுத்தார்கள்.

"அவர் நேத்து வந்தீக்கிறாரு. வீட்டப் பாத்துட்டு ஒரு பேச்சும் இல்ல. படம் கீறினவங்கள உடனே வரச் சொல்றாரு."

விவேகானந்தன் கார் சாவியை எடுத்தார்.

கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரைக்கும் ஸுமைரா தெரிந்த குர்ஆன் ஸூராக்களை எல்லாம் ஓதி முடித்தாள். அக்குறணை நெரிசலில் கார் அரை மணி நேரம் நின்றபோது மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

வளைவு திரும்பியதும் வீடு தெரிந்தது. ஸுமைரா ஓதுவதை நிறுத்திவிட்டாள்.

வெள்ளைச் சுவரில் ஒரு மாபெரும் பலாமரத்தின் நிழல் விழுந்திருந்தது. நல்ல ஊதா நிறம். வீட்டைச் சுற்றி எங்கேயும் மரத்தைக் காணவில்லை. சூரியன் மேகத்துக்குள் போனான்; நிழல் அசையாமல் அப்படியே இருந்தது. கூரை முகட்டில் இரண்டு சீமெந்து மைனாக்கள், ஒன்று மற்றதோடு கோபித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்திருந்தது. இடது மூலையில் கூரையிலிருந்து தரை வரைக்கும் ஒரு நீலக் கோடு வழிந்து இறங்கியது. அவளுக்கு அந்தக் கோட்டை நன்றாகத் தெரியும். அன்று விடாத மழை, சாயம் காயவில்லை, வானம் வழிந்துவிட்டது.

பயத்தின் நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சில் முட்டி, மூக்கு வழியாக வெளியே வரப்பார்த்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

வீட்டைக் கட்டிய மேசன் லெட்சுமணன் வாசலுக்கு வந்து வரவேற்றார். மடுல்கெல்லக்காரர். கையில் அவளுடைய படம், லெமினேட் செய்யாமல், ஓரமெல்லாம் சீமெந்துக் கறையோடு.

"வாங்க ஐயா, வாங்க மிஸ். படத்த வச்சே சரி பாத்துக்கங்க. ஒண்ணும் கூடல, ஒண்ணும் கொறையல. இந்த ஊதாவுக்குத்தான் நாலு தடவ பெயின்ட் கலக்க வேண்டியதாப் போச்சு."

விவேகானந்தன் பல்கனியை அண்ணாந்து பார்த்தார். தளத்தின் நடுவில் பெரிய ஓட்டை.

"அது என்ன?"

"மரம் போற வழிங்க."

"எந்த மரம்?"

லெட்சுமணன் கீழே காட்டினார். ஓட்டைக்கு நேர் கீழே முழங்கால் உயரத்தில் ஒரு பலாக்கன்று நின்றது.

"வருதுங்க," என்றார்.

"நான் தந்த பிளேனிலை ஓட்டை இல்லையே."

"பிளேன் சபைக்குங்க. முதலாளி போன்ல சொல்லிட்டாரு, படத்துல உள்ளபடியே செய்யணும், கூட்டவும் கூடாது கொறைக்கவும் கூடாதுன்னு. முப்பது வருஷமா நான் சொன்ன வேலைய மாத்தினதே இல்லீங்க."

ஸுமைரா அப்போதுதான் மேல்மாடியில் அந்த வட்ட ஜன்னலைக் கண்டாள். பழுப்பு நிறச் சட்டம். இடது பக்கத்தில் ஒரு விரலளவுக்குச் சட்டம் விட்டுப்போயிருந்தது. அவள் ஜன்னல் எதையும் அங்கே வரையவில்லை. படத்தை வாங்கிப் பார்த்தாள். அந்த இடத்தில் தேநீர்க் கறை ஒன்று வட்டமாகக் காய்ந்திருந்தது, இடது பக்கம் ஒரு விரலளவு விட்டுப்போய்.

சிரிப்பு முற்றாகக் கைமீறும் நேரம் பார்த்து ரஸீன் வெளியே வந்தார். மெலிந்த, கறுத்த மனிதர். யாருக்கும் ஸலாம் சொல்லாமல் நேராகப் போய் ஊதா நிழலுக்குள் சுவரில் சாய்ந்து நின்றார்.

"படம் கீறினது நீங்களா?"

"ஓ, நான்தான் நானா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள்.

"அங்க நம்ம வேலை செய்ற எடத்துல மரமே இல்ல. பகல் சாப்பாட்டுக்கு ஒக்காந்தா போன்ல இந்தப் படத்தப் பெரிசாக்கி இந்த நெழலத்தான் பாப்பேன். ரெண்டு வருஷமா ஒவ்வொரு நாளும் இதுலதான் ஒக்காந்து சாப்பிட்டேன். நேத்து இதுல வந்து நிண்டதும் எனக்குப் பேச்சு வரல்ல." அவர் கையால் சுவரைத் தடவினார். "கைரியாவுக்கு அந்த வட்ட ஜன்னல்தான் உசிரு. விடியக்காலைல ஸுபஹ் தொழுதுட்டு அதுலதான் மலையப் பாக்குறா. அத யோசிச்சவங்களுக்கு நேர்ல நன்றி சொல்லணும் எண்டுதான் வரச் சொன்னேன்."

ஸுமைராவின் கண் நிறைந்துவிட்டது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

விவேகானந்தன் தொண்டையைச் செருமினார். "அது வந்து, காற்றோட்டத்துக்காக நாங்கள் யோசிச்சு வைச்சது."

கைரியா தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். விவேகானந்தன் இரண்டு மிடறு குடித்துவிட்டு, இன்னொரு தடவை சரிபார்ப்பதற்காகப் படத்தை வாங்கி வாசற்கட்டில் விரித்தார். கோப்பையை அதன் மேலேயே வைத்தார். தூக்கியபோது பழைய வட்டத்துக்குப் பக்கத்தில் புது வட்டம் ஒன்று ஈரமாகப் பளபளத்தது. அவர் கறையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் ஸுமைராவைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துபோயின.

லெட்சுமணன் அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டாவது ஜன்னலும் வேணுங்களா ஐயா? இப்பவே செவர ஒடச்சிரலாம்."

ஸுமைரா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது. என்ன ஏதென்று தெரியாமலே கைரியாவுக்கும் தொற்றிக்கொண்டது. திரும்பும் வழியில் அக்குறணை நெரிசலில் காரை நிறுத்திக்கொண்டு விவேகானந்தனும் தனியாகச் சிரித்தார், சத்தமில்லாமல், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு. தூரிகையைக் கழுவும் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

மறுநாள் காலை ஸுமைரா ஒரு புதிய வீட்டுக்குப் புளியமரம் வைத்துக்கொண்டிருந்தாள். விவேகானந்தன் கோப்பையோடு வந்தார். தாளுக்கு மேலே கொண்டுபோன கையை அந்தரத்திலேயே நிறுத்தினார்.

"எங்கை வைக்கிறது, பிள்ளை?"

அவள் படத்தைத் தள்ளி வைத்து, தலையைச் சாய்த்து, நிதானமாகப் பார்த்தாள்.

"இந்த மேல் சுவர் கொஞ்சம் வெறுமையா ஈக்குது சேர்," என்று விரலால் தொட்டுக் காட்டினாள்.