முழுக் கனம்

பயிற்சியாளர் செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளி வைத்தாள். மல்லாந்து படுத்து, இரு கைகளையும் வயிற்றின்மேல் போட்டுக்கொண்டு, "நான் இப்ப நோயாளி. என்னால எதுவும் முடியாது. என்னைத் தூக்கி நாற்காலியில உக்கார வை" என்றாள். சென்ற முறை இதே சொற்களுக்கு இந்த அறை குலுங்கச் சிரித்தது. "டீச்சரம்மா மாதிரி நோயாளி கெடைச்சா தோள்ல வச்சுக்கிட்டு ஊரையே சுத்தி வருவேன்" என்று, எல்லோராலும் சித்தப்பா என்றே அழைக்கப்படும் மூத்த பணியாளர் சொல்ல, சுவரோரம் நின்ற அத்தனை பேரும் கைதட்டினார்கள். இன்று அந்தச் சித்தப்பா கதவருகே கைகட்டி நின்றார். காப்பகத்தின் மேலாளர் சன்னலோரம் நின்றார். கட்டிலருகே நின்றவள் மின்னல். நடையிலும் பேச்சிலும் உண்பதிலும் அவ்வளவு நிதானம் என்பதால் உடன் வேலை பார்ப்பவர்கள் சூட்டிய பெயர் அது. மூவரில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அது முதியோர் காப்பகம். கப்பலில் சமையற்காரராக இருந்து ஓய்வு பெற்ற பருத்த முதியவர் ஒருவரை, போன வாரம் மின்னல் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றினாள். பாதி வழியில் அவர் நழுவினார். இடுப்பெலும்பு முறிந்து இப்போது மருத்துவமனையில் கிடக்கிறார். மேலாளர் தொலைபேசியில் இவை எதையும் சொல்லவில்லை. "ஒரு தடவ வந்துட்டுப் போக முடியுமா மேடம்?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

அந்த ஒரு கேள்விக்காகப் பயிற்சியாளர் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தாள்! பயிற்சி என்று எதை நினைக்கிறார்கள் இந்த நிறுவனத்தார்? ஒரு நாள், ஓர் அறை, ஒரு தேநீர் இடைவேளை, முடிவில் ஒரு குழுப்படம். மறுநாள் காலையில் பழைய கைகள் பழைய வேலையைப் பழையபடியே செய்யும். கற்பிப்பவர் வந்து போனார் என்பதையே கற்றுக்கொண்டதாகக் கணக்கிடும் இந்த மடமையை எதிர்த்து அவள் பேசாத மேடையில்லை, முறையிடாத மேலாளரில்லை. "என்னைத் திரும்பக் கூப்பிடுங்க. வேலை நடக்கிற இடத்துல, அவங்க பக்கத்துல நிக்கிறேன். அப்பத்தான் நிலைக்கும்" என்று ஒவ்வோர் இடத்திலும் சொல்லிவிட்டுத்தான் விடைபெறுவாள். எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒருவரும் கூப்பிட்டதில்லை. எத்தனையோ நிறுவனங்களின் சுவர்களில், குழுப்படங்களின் நடுவில், அவள் புன்னகைத்தபடி நிற்கிறாள். அவள் வீட்டுச் சுவரில் அவள்கூட இல்லை. ஆகவே அழைப்பு வந்ததும், விருந்துக்குப் போகிறவள்போல் நல்ல புடவையாகத் தேடி எடுத்து உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். காரணம் இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

"உங்க பயிற்சிய நான் குறை சொல்லல மேடம்" என்று மேலாளர் தொடங்கினார். "நீங்க பாருங்க. இவ சரியாச் செஞ்சான்னா, தெரிஞ்சிருந்தும் அன்னைக்கு அலட்சியமா இருந்திருக்கான்னு அர்த்தம். தப்பாச் செஞ்சான்னா, சொல்லிக்குடுத்தும் மண்டையில ஏறலன்னு அர்த்தம். எதுன்னு மட்டும் நீங்க சொன்னாப் போதும்."

"ரெண்டுக்கும் முடிவு?"

"ரெண்டுக்கும் வீட்டுக்குத்தான். மேலிடம் என் கழுத்துல உக்காந்திருக்கு மேடம். நான் என்ன பண்ண?"

எந்தக் கதவைத் திறந்தாலும் தெருவில் கொண்டுபோய் விடும் நீதி! மின்னல் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள், அவ்வளவே.

"ஆரம்பிம்மா" என்றாள் பயிற்சியாளர்.

மின்னல் குனிந்தாள். பயிற்சியாளரின் முழங்காலை மடக்கச் செய்தாள். தோளிலும் இடுப்பிலும் கைவைத்து ஒருக்களித்துத் திருப்பினாள். கால்களைக் கட்டில் விளிம்புக்கு வெளியே இறக்கி, கழுத்துக்கடியில் கை கொடுத்து உட்கார வைத்தாள். பிடித்துத் தூக்குவதற்கான வாரை அவள் இடுப்பில் பூட்டினாள். தன் பாதங்களை அகட்டி ஊன்றி, தன் முழங்காலால் அவள் முழங்காலை அணைத்து, "முன்னால சாயுங்க... எழுந்திரிக்கிறோம்" என்று மெல்லச் சொன்னாள். ஓர் எழுச்சி, ஒரு திருப்பம். பயிற்சியாளர் நாற்காலியில் பூப்போல அமர்ந்திருந்தாள். சொல்லிக்கொடுத்த ஒன்றுகூடத் தவறவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் மேலாளர். அவர் குரலில் வெற்றி இல்லை, களைப்புதான் இருந்தது. "எல்லாம் தெரிஞ்சிருக்கு."

பயிற்சியாளர் குனிந்தாள். தன் வலக்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். குதிகால் சிவந்திருந்தது. படுக்கையிலிருந்து எழுந்த நொடியில் அந்தக் குதிகால் மெத்தையில் அழுந்தியதும், பிறகு தரையில் ஊன்றி உந்தியதும் அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. "என்னால எதுவும் முடியாது" என்று வாய் சொல்லிக்கொண்டிருக்க, கால் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. இன்று மட்டுமா? இத்தனை ஆண்டுகளில் எத்தனை அறைகள், எத்தனை கட்டில்கள்! தூக்கினோம் என்று நம்பிக் கைதட்டிய அத்தனை கைகளும் பாதிக் கனத்தைத்தானே தூக்கின! மீதிப் பாதியை அவளே சுமந்து கொடுத்திருக்கிறாள்.

"இன்னொரு தடவ" என்று சொல்லி மீண்டும் படுத்தாள்.

இம்முறை உதவக்கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டாள். மின்னலின் கை கழுத்துக்கடியில் நுழைந்ததும் கழுத்து தானாக எழுந்து வழிவிட்டது. "நிறுத்து. மறுபடி" என்றாள். மறுபடியும் அப்படியே. தன் உடல் தன் சொல் கேளாதது அவளுக்கு அச்சமாக இருந்தது.

யாருக்கும் தொந்தரவில்லாமல் இருப்பதையே அவள் ஒரு கலையாகப் பயின்றவள். கணவர் வேறு வாழ்க்கை தேடிக்கொண்டு போன பின் தம்பி வீட்டில் சில காலம் இருந்தாள். கட்டிலின் ஓரத்தில் படுப்பாள். உண்ட தட்டை யாரும் பார்க்குமுன் கழுவிக் கவிழ்ப்பாள். "எங்க அக்கா வீட்டுல இருக்கிறதே தெரியாது" என்று தம்பி வருகிறவர்களிடமெல்லாம் மெச்சிக்கொள்வான். அதை ஒரு பதக்கம்போல் நெஞ்சில் குத்திக்கொண்டு, ஒரு நாள் தனி வீடு பார்த்துப் போனாள். போனது தெரியவே அங்கே சில நாள் ஆயிற்றாம். தம்பி மனைவி சிரித்துக்கொண்டே தொலைபேசியில் சொன்னாள். பல் மருத்துவரிடம் போனால் விளக்கைக்கூடத் தானே திருப்பிக் கொடுக்கிறவள் அவள். அப்படி வாழ்ந்த உடம்பு, பிறர் கையில் முழுதாக விழு என்றால் எப்படி விழும்?

கண்ணை மூடினாள். குதிகாலைத் தளர்த்தினாள். பிறகு தொடையை, முதுகை, கழுத்தை. கடைசியில் தாடையையும் விட்டாள். வாய் சற்றே திறந்துகொண்டது. மேலாளர் பார்க்கிறார் என்ற எண்ணம் வந்தது, அதையும் விட்டாள்.

மின்னல் தூக்கினாள். அவள் மூச்சு மாறியது. எப்படியோ விளிம்பில் உட்கார வைத்து, வாரைப் பிடித்து, "முன்னால சாயுங்க" என்றாள். பயிற்சியாளர் சாயவில்லை. மின்னல் இழுத்தாள். எழுந்த உடல் பாதியில் ஈரமூட்டைபோல் தொங்கி, பக்கவாட்டில் வழிந்தது. மின்னலின் முழங்கால் மடங்கியது.

"சித்தப்பா!"

கதவருகே நின்றவர் ஒரே தாவலில் வந்து மறுபுறம் வாரைப் பற்றினார். இருவருமாக அவளைக் கட்டிலிலேயே இறக்கினார்கள். மின்னலின் நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. "டீச்சர், மன்னிச்சிருங்க, எனக்கு..." என்று தொடங்கியவளைப் பயிற்சியாளர் கையமர்த்தினாள்.

"இப்பக் கூப்பிட்டியே. அன்னைக்கு ஏன் கூப்பிடல?"

மின்னல் தன் வழக்கப்படி மெதுவாகத்தான் பதில் சொன்னாள். "முன்னெல்லாம் கூப்பிடுவோம் டீச்சர். நீங்க வந்துட்டுப் போன பெறகு யாரும் கூப்பிடுறதில்ல. பயிற்சி எடுத்துட்டும் ஆள் கேக்குறியான்னு கேப்பாங்க."

யார் கேட்பார்கள் என்று அவள் சொல்லவில்லை. மேலாளர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ராத்திரிக்கு ஒரு வார்டுக்கு ஒரு ஆள்தான் கணக்கு" என்று வெளியே எதையோ பார்த்துச் சொன்னார். "ஒருத்தரே மாத்திரலாம்னு நீங்கதான மேடம் காட்டினீங்க?"

ஆம், அவள்தான் காட்டினாள். தன் கனத்தை ஒளித்து வைத்துக்கொண்டு காட்டினாள். அவள் கொண்டுவந்த அறிவு இங்கே இருந்த அறிவையும் அல்லவா விரட்டிவிட்டது! முன்பு தெரியாதவர்கள் தெரியாது என்று குரல் கொடுத்தார்கள். அந்தக் குரலையும் அடக்கிவிட்டுப் போயிருக்கிறது ஒரு நாள் பயிற்சி. அந்தப் பெரியவர் விழுந்தது மின்னலின் கையிலிருந்து மட்டுமல்ல.

"சார்" என்றாள் கட்டிலில் உட்கார்ந்தபடி. "இந்தப் பொண்ணு அலட்சியமாவும் இல்ல, மக்காவும் இல்ல. நான் குடுத்ததத்தான் அப்படியே செஞ்சா. நான் குடுத்தது பாதி. காலை ஊன்ற முடிஞ்சவங்களுக்கு ஒரு ஆள் போதும். முடியாதவங்களுக்கு ரெண்டு பேர் வேணும். இழுக்கும்போதே இவங்க எந்த வகைன்னு கைக்குத் தெரியணும்; தெரிஞ்ச ஒடனே நிறுத்திக் கூப்பிடணும். அது ஒரு நாள்ல வராது. தினம் வேலை மாறுற நேரத்துல ஒருத்தர ஒருத்தர் தூக்கிப் பழகணும். நான் வாராவாரம் வரேன், வார்டுலயே நிக்கிறேன்."

"இத நான் மேலிடத்துல சொன்னா, பயிற்சியே தப்புன்னு ஆயிரும் மேடம். எங்க மத்த காப்பகங்களுக்கும் நீங்கதான போறீங்க? அப்புறம் எங்கயும் உங்களக் கூப்பிட மாட்டாங்க."

"இதுவரைக்கும் எங்க கூப்பிட்டாங்க?"

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கைப்பேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். கதவை முழுதும் சாத்தவில்லை. "ஆமா சார்... இல்ல சார், அவங்களே சொல்றாங்க..." என்ற குரல் ஏறியும் இறங்கியும் கேட்டது. அந்தக் குரலில் மின்னலின் வேலை தொங்கிக்கொண்டிருந்தது, பயிற்சியாளருடையதும்.

 அறைக்குள் சித்தப்பா தொண்டையைச் செருமினார். "பாத்தா ஊதிவிட்டா பறக்குற மாதிரி இருக்கீங்க டீச்சரம்மா. இவ்வளவு கனத்த எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

மின்னல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பயிற்சியாளருக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கரித்தது.

"அவரு வர்றதுக்குள்ள, ரெண்டு பேரா ஒரு தடவ செஞ்சு பாக்கலாமா?" என்றாள் மின்னல். "கை ஞாபகம் வச்சுக்கும்."

பயிற்சியாளர் படுத்தாள். இம்முறை தளர்வது சற்று எளிதாக இருந்தது. ஒருபுறம் சித்தப்பாவின் அகன்ற கை, மறுபுறம் மின்னலின் நிதானமான கை. அவளைத் திருப்பின, உட்கார்த்தின, வாரைப் பூட்டின. "சாயுறோம்" என்றது ஒரு குரல். அவள் எழவில்லை, எழுப்பப்பட்டாள். முழு உடலும் அந்த நாலு கைகளில் இருந்தது. அவள் தலை மின்னலின் தோளில் சரிந்து அங்கேயே நின்றது. சோப்பு மணமும் வியர்வை மணமும் கலந்த தோள். அந்தத் தோள் விலகவில்லை.

தன் கனம் எவ்வளவு என்று அவளுக்கே தெரியாமல் இருந்தது. யாரேனும் தாங்கிப் பார்த்தால்தானே தெரியும்? கடைசியாக ஒருவர் தாங்கியது எப்போது என்று நினைக்கப் பார்த்தாள், நினைவு எட்டவில்லை.

"உக்கார வச்சிரலாமா டீச்சர்?" என்று மின்னல் காதருகே கேட்டாள்.

நாற்காலி பக்கத்தில்தான் இருந்தது. வராந்தாவில் பேச்சு நின்றிருந்தது. காலடிச் சத்தம் கதவை நோக்கி வந்தது. "வையுங்க" என்று சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை. மின்னல் மறுமுறை கேட்கவும் இல்லை, அவசரப்படவும் இல்லை. கட்டிலுக்கு அடியில் செருப்புகள் அவள் வைத்த வரிசையில் காத்துக்கிடந்தன. அவற்றுக்கு எதிரே, தரைக்கு ஒரு விரற்கடை மேலே, எதிலும் ஊன்றாமல், சிவந்த அந்தக் குதிகால் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.