சந்தனத்துக்கு அடியில்

திரையில் பூ வந்துகொண்டிருந்தது. ஒரு இதழ் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் பலராமன் ஒரு டம்ளர் டீயைக் குடித்து முடித்திருந்தான். ஆயுத பூஜைக்கு முன்பு பத்து எண்ணுவதற்குள் முழுப் பூவும் வந்துவிடும்.

மில்லின் டிசைன் அறைக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இருபது வருடம் தறியில் நின்றவனை, ஆள் நிதானமானவன் என்று மேனேஜர் நாராயணசாமி அதன் முன் உட்கார வைத்திருந்தார். மெட்ராஸிலிருந்து புது சிஸ்டம் இரண்டு பிளாப்பிகளில் வந்தபோது அவன் அதைத் தொடத் தயங்கினான். ஏற்றியவள் வசந்தா. கனகசெட்டிக்குளத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஏற்றி முடித்ததும் தான் வரைந்த பூவைப் போட்டுக் காட்டினாள். பத்து எண்ணுவதற்குள் வந்தது. அவன் பக்கத்தில் நின்று பார்த்தான்.

மறுநாள் பூஜை. தறிக்கு வைத்துப் பழகிய கையால் அவன்தான் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் வைத்தான். பெட்டியின் முகப்பில், பட்டன்களுக்கு நடுவே, கட்டைவிரலால் அழுத்தித் தாராளமாக.

பூஜை கழிந்து மெஷினைப் போட்டபோது படம் ஊர்ந்து ஊர்ந்துதான் வந்தது. வசந்தா ஒயர்களைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தாள். பிறகு ஈரத்துணியோடு பெட்டியின் முன் குனிந்தாள்.

"பட்டன் மேலெல்லாம் அப்பி வச்சிருக்கீங்களேண்ணே. தொடச்சிட்டுப் பாக்கறேன்."

"சாமிப் பொட்டு. கை வெக்காத. தானா உதிரணும்."

"சாமியா வந்து டிசைன் போடப் போவுது?" என்று சிரித்துக்கொண்டே துணியை மடித்து வைத்தாள்.

மூன்றாம் நாள், துணி வாங்க மெட்ராஸிலிருந்து வந்தவர் டிசைன் பார்க்க உட்கார்ந்தார். இரண்டு இதழ் வருவதற்குள் மூன்று முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து போய்விட்டார். அவரை வழியனுப்பிவிட்டு நாராயணசாமி திரும்பி வந்தார்.

"புது சிஸ்டம் போட்டது யாரு?"

"வசந்தாதான் முசே," என்றான் பலராமன். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து மில்லின் பழைய ஆட்களுக்கு 'சார்' என்பது 'முசே'தான்.

"போட்டன்னிக்கு நல்லாத்தான் சார் ஓடிச்சு," என்றாள் வசந்தா. "அண்ணன் கூடவே நின்னு பாத்தாரு. கேளுங்க."

நாராயணசாமி அவனைப் பார்த்தார். மில்லில் அந்த மாதம் ஆள் குறைக்கப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்கள். பலராமன் கீபோர்டைப் பார்த்தான்.

"நா சரியா கவனிக்கல முசே."

நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் மேனேஜர். வசந்தா டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "கண்ணாடிய மாத்துங்கண்ணே," என்றாள். "கிட்டக்க இருக்கறதே தெரியல."

அதன் பிறகு இரண்டு நாள் மெனக்கெட்டு, தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பழைய சிஸ்டத்தையே திரும்ப ஏற்றினான். அதிலும் படம் அதே மாதிரி ஊர்ந்துதான் வந்தது. அவள் போட்டதில் கோளாறில்லை. அது அவனுக்கு அன்றே தெரியும்.

இன்று டீ குடித்த காலி டம்ளரை வைக்கும்போது பார்த்தான். மேஜைமேல் சந்தனத் துண்டு ஒன்று உதிர்ந்து கிடந்தது. உதிர்ந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கின் ஓரம் தெரிந்தது. எரியவில்லை. மிச்சத்தை நகத்தால் சுரண்டினான். விளக்குக்குப் பக்கத்தில், மெஷினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டன். சந்தனம் வைத்த கட்டைவிரல்தான் அதை அழுத்தியிருக்கிறது. விளக்கு அணைந்ததைச் சந்தனம் மூடியிருக்கிறது.

அழுத்தினான். மஞ்சளாக எரிந்தது. பூவை மறுபடி போட்டான். பத்து எண்ணுவதற்குள் வந்து நின்றது.

அந்தப் பக்கமாக வந்த நாராயணசாமி எட்டிப் பார்த்தார். "அட, ஓடுதே! என்னப்பா கோளாறு?"

பலராமன் எழுந்து நின்றான். உண்மை வாய்வரை வந்தது.

"தூசி முசே."

"மொதல்லியே தொடச்சிருக்கக் கூடாதா?" என்றபடி அவர் போனார்.

ஐந்தரைக்குச் சங்கு ஊதியது. ஆறு மணிக்குக் கனகசெட்டிக்குளம் பஸ் இருக்கிறது. வசந்தாவைப் போய்ப் பார்க்க அவன் பையை எடுத்தான். வைத்தான். பட்டனை அழுத்தி விளக்கை அணைத்தான். பூவை முதலிலிருந்து போட்டுவிட்டு, பஸ் போகட்டும் என்று உட்கார்ந்தான். கட்டைவிரல் நகத்தில் சந்தனம் இருந்தது. முதல் இதழின் விளிம்பு, புள்ளி புள்ளியாக, வளையத் தொடங்கியது.