சொன்ன நேரம், நடந்த நேரம்

எங்கள் ஆங்கில–தமிழ் அகராதி அலுவலகத்தில் சொல்லுக்கு ஓர் அட்டை. உள்ளங்கை அகலம், வெளிர் மஞ்சள். மேலே சொல், நடுவில் பொருள், கீழே அந்தச் சொல் வருகிற ஒரு வாக்கியம். வாக்கியத்தை நாங்களாகப் புனையக் கூடாது. யாராவது எங்காவது பேசியிருக்க வேண்டும், அல்லது எழுதியிருக்க வேண்டும். காலத்தைக் காட்டும் சொற்களுக்கு மட்டும் தலைமைப் பதிப்பாசிரியர் கூடுதலாக இரண்டு கட்டங்கள் போட்டிருந்தார்: சொன்ன நேரம், நடந்த நேரம்.

அவரை நாங்கள் கமா சார் என்போம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நின்றுதான் பேசுவார்.

“சிறிது நேரத்தில்னு, எழுதினா, போதுமா? எவ்வளவு, சிறிது? வாசகனுக்கு, தெரியணுமில்ல?”

எனக்கு வந்த சொல் ‘சூன்’, சிறிது நேரத்தில், விரைவில் என்று பொருள். மூன்று வாரம் கைக்கடிகாரத்தோடு திரிந்தேன். லிஃப்ட் ‘சூன்’ சரியாகும் என்று எங்கள் கட்டடத்தில் ஒட்டியிருந்த ஆங்கில அறிவிப்பு: இருபத்தாறு நாள். பல் டாக்டர் ‘சூன்’ வந்துவிடுவார் என்று வரவேற்பறைப் பெண் சொன்னது: ஒரு மணி ஐம்பது நிமிடம். எங்கள் பிரதிநிதி ‘சூன்’ உங்களோடு பேசுவார் என்று தொலைபேசியில் கொஞ்சிய பதிவுக் குரல்: என் போனில் சார்ஜ் தீரும் வரை. அலுவலகத்தில் அச்சுக்குப் பக்கம் கட்டுபவர் தன் பழைய காதலி அனுப்பிய வாழ்த்து அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். ‘சீ யூ சூன்’ என்று முடிந்திருந்தது. அது வந்து ஆறு வருடம் ஆகிறது.

“நடந்த நேரம்?” என்று கேட்டேன்.

“கட்டத்தைக் கொஞ்சம் பெருசாப் போடும்மா” என்றார்.

சொல்லின் பிறப்பைத் தேடியபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பழைய ஆங்கிலத்தில், அது ‘சோனா’. சிறிது நேரத்தில் என்பதல்ல அதன் பொருள். அக்கணமே. சொன்ன நேரமும் நடந்த நேரமும் ஒன்று. பிறகு மனிதர்கள் தங்கள் வேலையைக் காட்டிவிட்டார்கள் போல. ‘அக்கணமே வருகிறேன்’ என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடியிருப்பார்கள், வாசலில் யாரோடோ நின்று பேசியிருப்பார்கள். காத்திருந்தவர்கள் அந்தத் தாமதத்தையும் சேர்த்தே சொல்லைக் கேட்கப் பழகிவிட்டார்கள். சொல் தளர்ந்துபோனது. ‘அனான்’, ‘பிரசன்ட்லி’ இரண்டுக்கும் இதே கதிதான். உடனே என்பதற்கு அவர்கள் எத்தனை சொல் கொண்டுவந்தாலும் சோம்பல் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஊர்ப் பெயர்ப்பலகைகளிலேயே மிக நீளமான ‘சூன்’ எங்கள் அலுவலகத்துக்கு நேர் எதிரே தொங்கியது. என் அக்காவின் பேக்கரி. நீலப் பலகையில் வெள்ளை எழுத்து: ‘ஓப்பனிங் சூன்’. எழுதியவர் அத்தான், பலகை எழுதுவதுதான் அவர் தொழில். பதினொரு மாதத்தில் வெயிலுக்கு எழுத்து வெளுத்து, இரண்டு முறை மேற்பூச்சு கொடுத்துவிட்டார்.

“திறக்கறதுக்கு முன்னாடியே மூணாவது பதிப்பு. உங்க அகராதிக்குக்கூட இந்தப் பெருமை இல்ல” என்பார் என்னிடம்.

உள்ளே ஒரு குறையும் இல்லை. ரொட்டி அடுப்பு வந்துவிட்டது. மாவு பிசையும் இயந்திரம் வந்துவிட்டது. அக்கா தினமும் விடிவதற்கு முன்பே வந்து, ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே ஒத்திகை பார்ப்பாள். இரண்டு தட்டு ரொட்டி, ஒரு தட்டு பன். அவற்றை நாங்கள் தின்போம். பதினொரு மாதத்தில் அத்தானுக்கு இரண்டு சட்டை சிறுத்துப்போயின.

பதினெட்டு வருடம் ஒரு பெரிய ஹோட்டலின் சமையலறையில் ரொட்டி சுட்டவள் அவள். அவள் கைப்பக்குவத்தை ஊரே தின்றது. யார் கை என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் இருந்ததில் அவளுக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. இப்போது பலகையில் கடைப் பெயருக்குக் கீழே அவள் பெயர். அதைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டுதான் உள்ளே நுழைவாள்.

கடையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் இந்த முறை சிரிக்காமல் பேசிவிட்டுப் போயிருந்தார். அடுத்த வார சனிக்கிழமைக்குள் கடை திறக்காவிட்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். செருப்புக் கடைக்காரர் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் ஓடினேன்.

“அக்கா, உன் போர்டு எனக்கு அட்டையில வேணும். எப்பத் திறக்கற?”

“திறக்கலாம்டி. பன்னுக்கு மேல் நிறம் இன்னும் சரியா வரலை.”

“நல்லாத்தானே இருக்கு?”

“நீ என் தங்கச்சி. நான் கல்லைக் குடுத்தாலும் நல்லாயிருக்குன்னு சொல்லுவ. முன்னப்பின்ன தெரியாதவன் ஒருத்தன் ஒரு கடி கடிச்சிட்டு, மூஞ்சியைச் சுளிச்சிட்டு, மிச்சத்தை அப்படியே வச்சிட்டுப் போனான்னு வையி. நான் எங்க போய் ஒளிவேன்? அடுப்புக்குள்ளயா?”

“தேதியைச் சொல்லு.”

“வியாழக்கிழமை. காலைல எட்டு மணி. போதுமா? ஆளை விடு.”

அலுவலகத்தில் கமா சார் என் மேசையருகே நின்றார்.

“நாலு மணிக்குள்ள, பக்கம், வேணும்.”

எங்கள் விதி எளிது. சரிபார்த்ததைப் பேனாவால் எழுத வேண்டும், சரிபார்க்காததைப் பென்சிலால். கட்டம் காலியாக இருக்கக் கூடாது. அன்று அலுவலகத்தில் ஒரு பென்சில்கூட இல்லை. அதற்குக் காரணம் எங்களுடைய இன்னொரு வழக்கம். முடிந்த பக்கங்களின் மெய்ப்புப் படியைத் தெருப் பக்கத்துக் கண்ணாடியில் ஒட்டிவைப்போம். போகிறவர் வருகிறவர் யார் பிழை கண்டுபிடித்தாலும் ஒரு பென்சில் பரிசு. இதற்கென்றே தினமும் வந்து மூக்கு கண்ணாடியில் படப் படிக்கிற கூட்டம் ஒன்று உண்டு, பென்சில்காரர்கள் என்போம். முந்தைய பக்கத்தில் நாங்கள் விட்ட பிழைகளுக்கு மொத்தப் பென்சிலும் போய்விட்டது.

கையில் பேனாதான் இருந்தது. ‘நடந்த நேரம்: வியாழன், காலை எட்டு மணி’ என்று எழுதி, தேதியும் போட்டு, திங்களன்று வந்து அடித்துவிடலாம் என்று வைத்துவிட்டேன். திங்களன்று என்னை மூன்று நாள் வேலைக்கு அச்சகத்துக்கு அனுப்பினார்கள். அடிக்க வேண்டியதைச் சுத்தமாக மறந்துபோனேன்.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு வழக்கம்போல் ஒத்திகை பன் தின்னப் போனேன். மூடிய ஷட்டருக்கு முன் வரிசை. இருபது பேருக்குக் குறையாது. முதலில் நின்றவர் பென்சில்காரர்களின் தலைவர் மாதிரி. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். காதில் எங்கள் பென்சில் ஒன்றைச் சொருகியிருந்தார்.

“சார், எதுக்கு நிக்கறீங்க?”

“சரிபார்க்கத்தாம்மா. எட்டு மணிக்குத் திறந்ததா உங்க கண்ணாடியில போட்டிருக்கு. திங்கக்கிழமையே வியாழக்கிழமை நடந்ததை எழுதியிருக்கீங்க! திறக்கலைன்னா அது பிழை. எனக்கு ஒரு பென்சில்.”

“எனக்கும்” என்றது வரிசை.

பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்தேன். அக்கா மேசைக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அத்தான் ஷட்டரின் துளையில் கண்ணை வைத்திருந்தார்.

“யாருடி இவங்கல்லாம்? ஏழு மணியிலேர்ந்து நிக்கறாங்க!”

சொன்னேன்.

“அடிப்பாவி! வியாழக்கிழமைன்னா, இந்த வியாழக்கிழமைன்னா சொன்னேன்?”

“இருபத்திரண்டு” என்றார் அத்தான். “வீட்டுக்காரரும் வந்து நிக்கறார். இருபத்திமூணு.”

அந்த நேரம் பார்த்து அடுப்பு மணி அடித்தது. அக்கா பழக்கத்தில் எழுந்து கதவைத் திறந்து தட்டை இழுத்தாள். வெந்த மாவின் மணம் அறையை நிறைத்து, ஷட்டருக்கு அடியில் இருந்த இரண்டு விரல் இடைவெளி வழியாகத் தெருவுக்குப் போனது. வெளியே பேச்சு நின்றது. யாரோ மூச்சை இழுக்கும் சத்தம் எங்களுக்கே கேட்டது.

“என்னய்யா வாசனை இது?” என்றது ஒரு குரல்.

“நான் பென்சிலுக்காகத்தான் வந்தேன்” என்றது இன்னொன்று, கொஞ்சம் கவலையாக.

அக்கா தட்டைப் பிடித்தபடி நின்றாள். அடுப்புக் கதவை மூட மறந்துவிட்டாள்.

“என் தப்புதான்க்கா” என்றேன். “நான் வெளில போய்ப் பிழைன்னு ஒத்துக்கறேன். பென்சில் வாங்கிக் குடுத்து அனுப்பிடறேன். கலைஞ்சு போயிடுவாங்க.”

“பிழைன்னா? எது பிழை?”

“நீ திறந்தேன்னு எழுதினது.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பன்களைப் பார்த்தாள். அன்று அவற்றின் மேல்நிறம் எப்போதும் போலத்தான் இருந்தது. பதினொரு மாதமாக இருந்த அதே நிறம்.

“இருபத்திரண்டு பேர் கையில பென்சிலைக் குடுத்து, நான் திறக்காததைப் பிழைன்னு எழுதிவைக்கப் போறியா?”

“பின்ன வேற வழி?”

“என்னங்க” என்றாள் அத்தானிடம், “அந்த ஷட்டரைத் தூக்குங்க.”

“இன்னும் நேரம் இருக்கே?”

“எட்டு மணிக்குள்ள எனக்கு மறுபடி பயம் வந்துடும். இப்பவே தூக்குங்க!”

ஷட்டர் தடதடவென்று மேலே போனது. வெளிச்சம் உள்ளே விழுந்தது. இருபத்துமூன்று முகங்கள். அக்கா தட்டோடு அப்படியே நின்றாள். கணக்கு வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஏழு ஐம்பத்தெட்டு. எட்டுன்னு போட்டிருக்கு. பிழை!”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அக்காவும்தான். சிரித்தபடியே ஒரு பன்னை எடுத்து அவர் கையில் வைத்தாள். “பென்சில் தீர்ந்துபோச்சாம் சார். இப்போதைக்கு இது.”

அவர் கடித்தார். முன்னப்பின்ன தெரியாத மனிதர். அக்கா அவர் முகத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அவர் மென்றார், நிறுத்தினார், மீண்டும் மென்றார். பிறகு காதிலிருந்த பென்சிலை எடுத்து அவள் முன்னால் மேசையில் வைத்தார்.

“இதை நீங்களே வச்சுக்குங்கம்மா. எனக்கு இன்னும் நாலு கட்டிக் குடுங்க. வீட்டுல நான் மட்டும் தின்னேன்னு தெரிஞ்சா கதவு திறக்க மாட்டாங்க.”

அதன் பிறகு நடந்தது எனக்கு வரிசையாக நினைவில்லை. அத்தான் காகிதப் பையைப் பிரிக்கத் தெரியாமல் தடுமாறினார். வீட்டுக்காரர் வரிசையில் பொறுமையாக நின்று, தன் முறை வந்ததும், “சனிக்கிழமைக்கு அந்தச் செருப்புக் கடைக்காரரை வரச் சொல்லியிருக்கேனே” என்றார் பரிதாபமாக.

“வரட்டுமே” என்றாள் அக்கா. “பன் தின்னுட்டுப் போகட்டும். உங்களுக்கு எத்தனை?”

“ஆறு.”

எட்டரைக்குக் கமா சார் வந்தார். நான் பேனாவால் எழுதியதை ஒத்துக்கொண்டேன். அவர் கையில் பன் இருந்ததால் வழக்கத்தைவிட அதிகம் நிறுத்தினார்.

“நடக்காததை, பேனாவால, எழுதறது, பெரிய, குத்தம். ஏழு, ஐம்பத்தெட்டுன்னு, திருத்து. ரெண்டு பென்சில் கட்டு, இனிமே, உன் மேசையில, பூட்டி, வை.”

“சார், அந்தப் பழைய பொருள்? அக்கணமேங்கிறது? வழக்கொழிந்ததுன்னு போட்டிருக்கேன். இன்னிக்கு அக்கா சொன்ன உடனே ஷட்டர் ஏறிடுச்சு, ஒரு எடுத்துக்காட்டு கிடைச்சிருக்கே?”

“ஒரு, பன் கடைக்காக, ஆயிரம் வருஷத்தை, மாத்தச் சொல்றியா?” என்றவர் இன்னொரு கடி கடித்தார். கொஞ்சம் யோசித்தார். “இன்னும் ரெண்டு, எடுத்துக்காட்டு, கொண்டா. பார்க்கலாம்.”

பின்னால் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். தட்டு காலி. “அடுத்த தட்டு எப்பங்க வரும்?”

“இதோ” என்றாள் அக்கா.

கை தானாகவே கடிகாரத்துக்குப் போனது. மணி எட்டு முப்பத்தொன்பது. அட்டையை எடுத்துச் சொன்ன நேரத்தைக் குறித்துக்கொண்டேன், வாத்தியார் விட்டுப்போன பென்சிலால். அடுத்த கட்டத்துக்கு வருவதற்குள் அடுப்பு மணி அடித்துவிட்டது.